ஆளுக்கு ஆறு பாக்கெட்

காலை எட்டு மணிக்கு அந்தத் தையல் கூடத்தில் ஒரு விளக்குதான் எரியும். அதன் கீழே பாக்கெட் என்று கூப்பிடப்படும் பெண் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். மிஷினுக்கு ஐந்து வீதம் ஆறு மிஷினுக்கும் முப்பது பாபின். சுற்றி முடித்ததும் பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு மிஷினின் ஊசிக்குக் கீழேயும் அடைந்திருக்கும் பஞ்சைத் தட்டி எடுப்பாள். ஒன்பது மணிக்கு மற்றவர்கள் வரும்போது எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அவள் மட்டும் தலைமுடியெல்லாம் பஞ்சோடு ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருப்பாள்.

"என்னடி, ஒரே ராத்திரியில தலை நரைச்சுப் போச்சு?" என்று கை அக்கா கேட்பாள். தினமும் இதையேதான் கேட்பாள். தினமும் எல்லோரும் சிரிப்பார்கள்.

அங்கே சட்டையில் யார் எதைத் தைக்கிறார்களோ அதுதான் அவர்களுடைய பெயர். காலர் தைப்பவள் காலர் அக்கா. பதினாறு வருஷமாகக் காலர்தான். கை பொருத்துபவள் கை அக்கா. பட்டன் பெரியம்மா இருந்தாள், கடைசியில் இஸ்திரி அண்ணன் இருந்தார். மொத்தம் பத்துப் பேர். பதினேழு வயதில் வந்து சேர்ந்த இவளை முதல் நாளே பாக்கெட் வேலையில் உட்கார வைத்ததால் பாக்கெட் ஆகிவிட்டாள்.

வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயத்தைச் சொன்னாள். அப்பா படுக்கையில் விழுந்ததால் பாதியில் நின்ற படிப்பை முடிக்க வேண்டும். அதற்கு ஒரு மாலைப் பள்ளி இருக்கிறது. சரியாக ஐந்து மணிக்கு வாத்தியார் கதவைச் சாத்திவிடுவார். இங்கே வேலை முடிவதோ ஆறு மணிக்கு.

"முடிச்சு என்னவாகப் போற?" என்றாள் கை அக்கா.

"மாட்டு டாக்டர்."

கை அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "மனுஷனுக்கு வைத்தியம் பாத்தாலே நன்றி கிடையாது. மாடு வந்து உனக்குக் கும்பிடு போடுமா?"

"கும்பிடு வேணாம்க்கா. எங்க வீட்டு ஆடு குட்டி போட முடியாம ரெண்டு நாள் கத்திக்கிட்டே கெடந்துச்சு. டாக்டர் மூணாம் நாள் வந்தார். அதுக்குள்ள செத்துப் போச்சு. முதல்ல உதவியாளர் படிப்பு ரெண்டு வருஷம் படிப்பேன். அப்புறம் மெதுவா டாக்டருக்குப் படிப்பேன்."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. காலர் அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சட்டை. அப்படியென்றால் நாலரையிலிருந்து ஆறு மணிவரை முப்பத்தாறு. பட்டன், காஜா, இஸ்திரி மூன்றையும் பாக்கெட்டையும் விட்டால் சாதாரணத் தையல் மிஷினில் இருப்பவர்கள் ஆறு பேர்.

"ஆளுக்கு ஆறு பாக்கெட். டீ குடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கிட்டா முடியும்" என்றாள்.

"கதை அடிக்கிற நேரத்தைச் சுருக்கிக்கணும்னு சொல்லு. நான்தான் செத்தேன்" என்றாள் கை அக்கா. ஆனால் முதல் நாள் முதல் ஆறு பாக்கெட்டை முந்திக்கொண்டு எடுத்தவள் அவள்தான்.

சும்மா வாங்கிக்கொள்ள பாக்கெட்டுக்கு மனசு வரவில்லை. மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் வந்து பாபின் சுற்ற ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். அதனால் மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் மிச்சமானது. சூப்பர்வைசருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. நாலரை மணி நெருங்கினால் அவர் ஒரு ஃபைலைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது இருமிக்கொண்டே படியிறங்குவார். இருமல் கேட்கும்போது பாக்கெட்டின் மிஷினுக்கு உறை போட்டிருக்கும். ஆறு மணிக்கு எண்ணிக்கை சரியாக இருக்கும்.

மாதங்கள் அப்படியே ஓடின. பாக்கெட் படித்ததையெல்லாம் மறுநாள் வரிசைக்குச் சொல்லுவாள். மாட்டுக்கு ஒரே வயிற்றுக்குள் நாலு அறை என்று சொன்ன நாள், பட்டன் பெரியம்மா மிஷினையே நிறுத்திவிட்டாள். "மாட்டுக்கு நாலு ரூமாடி? நாங்க ஒத்த ரூம்ல ஏழு பேரு இருக்கோம்!" கூடமே சிரித்தது. இஸ்திரி அண்ணன் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டையின் கையில் இரட்டை மடிப்பு விழுந்துவிட்டது.

நடுவில் ஒரு வாரம்தான் சரியில்லை.

காலர் அக்காவுக்குக் கடைவாய்ப்பல் வலி தாங்க முடியாமல் போய், அனுமதி வாங்கிக்கொண்டு நாலே முக்காலுக்குப் பல் டாக்டரிடம் போனாள். திரும்பும்போது ஐந்தரை மணி இருக்கும். பஸ் ஒரு பூங்காவைத் தாண்டியது. அங்கே ஒரு பெஞ்சில் பாக்கெட் தனியாக உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. கண் எங்கோ இருந்தது. காலர் அக்கா பஸ் கம்பியைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளேதான். அந்த நேரத்தில் கூடத்தில் அவளுடைய பாக்கெட்டுகளை மற்றவர்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலை பாக்கெட் வழக்கம்போல, "வணக்கம்க்கா, பல்லு எப்படி இருக்கு?" என்றாள். காலர் அக்கா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டைபோல வீங்கி, வாய்க்குள் பஞ்சு இருந்தது. வெறுமனே பார்த்தாள். பாக்கெட்டின் முகம் மாறியது. பத்து மணிக்கு ஒரு தரம் வந்து, "தண்ணி வேணுமாக்கா?" என்று கேட்டாள். அதற்கும் ஒரு பார்வைதான். பதினொரு மணிக்கு நூல்கண்டு கொடுக்க வந்தாள், அப்போதும் அதே பார்வை. சாப்பாட்டு மணி அடித்ததுதான் தாமதம், எல்லோர் முன்னாலும் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"காலர் அக்கா என்னைப் பாத்துட்டாங்க. அஞ்சு நாளா நான் ஸ்கூலுக்குப் போகல. கணக்குப் பரீட்சையில பெயில். வாத்தியார் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பூங்காவுல உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க எல்லாரும் தைச்சுக்கிட்டிருந்தீங்க. நான்... அவங்க காலையிலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

காலர் அக்கா வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். "அடிப் பாவி, எனக்கு வாயே தொறக்கல" என்றாள் குழறலாக.

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. கை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அஞ்சு நாள். முப்பத்தாறை அஞ்சால பெருக்கு. எனக்கும் கணக்கு வராது, நீயே பெருக்கு" என்றாள்.

"நூத்தி எண்பது" என்றாள் பாக்கெட், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"வருதே! அப்புறம் எப்படிடி பெயிலான?"

அன்றைக்கு நாலரை மணிக்குப் பாக்கெட் எழுந்திருக்கவில்லை. காலர் அக்காதான் அவளுடைய மிஷினுக்கு உறையை எடுத்துப் போட்டு, பையைக் கையில் கொடுத்தாள். "வாத்தியார் திட்டினா வாங்கிக்க. திட்டு வாங்கி யாரும் செத்ததில்ல. கடவுள் மேல பாரத்தைப் போட்டுட்டு முதல் பெஞ்சுல போய் உக்காரு."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பாக்கெட் ஒரு காரியம் செய்தாள். அந்த ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், மிஷின் ஓடாது. அவள் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் தைத்து வைத்த சட்டைகளில் பிசிர் வெட்டினாள். ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் கத்தரி. வேண்டாமென்று சொன்னாலும் கேட்கவில்லை. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் நாள் நூற்று எண்பதாவது சட்டையை மடித்து வைத்துவிட்டு, கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். கணக்கு வாத்தியார் வகுப்பு முடிந்த பிறகும் அரை மணி நேரம் அவளுக்காக உட்கார்ந்தார். அவர் வீட்டுக்குப் போகத் தாமதமானதற்கு அவருடைய மனைவி என்ன சொன்னார் என்பது இந்த வரிசைக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்காகவும் காலர் அக்கா தினமும் பெடலில் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு வரி வேண்டிக்கொண்டாள்.

தேர்வு முடிவு வந்த அன்று பாக்கெட் படியேறி வந்த வேகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கணக்கில் எழுபத்தொன்று. கால்நடை உதவியாளர் படிப்புக்கு வெளியூரில் இடமும் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. கை அக்கா அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் இரண்டு பேரும் துணி மூட்டைமேல் விழுந்தார்கள். பட்டன் பெரியம்மா ஒரு சட்டைக்கு எட்டுப் பட்டனுக்குப் பதில் ஒன்பது வைத்துவிட்டாள். எத்தனையோ வருஷம் கழித்தும் காலர் அக்காவுக்கு அந்த மூட்டைமேல் விழுந்த சத்தம் அப்படியே ஞாபகமிருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் பாக்கெட் சொன்னாள்: "அக்கா, என் கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. அம்மா மட்டும்தான். நர்ஸ் ஆகணும்கிறா. என் இடத்துல அவளை விடுங்க. நான் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். எட்டு மணிக்கு வந்துருவா."

"வரட்டும். ஆளுக்கு ஆறு, அவ்வளவுதானே" என்றாள் காலர் அக்கா.

வேலையை விடும் கடிதத்தைப் பாக்கெட் மேனேஜரிடம் கொடுத்தாள். இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மேனேஜர் நல்ல மனுஷர். படித்துவிட்டு அவருக்கே மனசு நெகிழ்ந்துபோய், சனிக்கிழமை எல்லோரையும் கூட்டி உரக்கப் படித்தார்.

"'ஒரு வருடமாகத் தினமும் நாலரை மணிக்கு நான் வகுப்புக்குக் கிளம்பிய பிறகு, என்னுடைய முப்பத்தாறு பாக்கெட்டுகளை ஆறு பேர் ஆளுக்கு ஆறாகப் பிரித்துத் தைத்தார்கள். ஒரு நாள்கூட ஒரு சட்டை குறையவில்லை. என் கூடப் பிறந்தவர்கள் இருந்திருந்தாலும் இதைச் செய்திருப்பார்களா என்று தெரியாது. இந்த நன்றியை எங்கே சொல்வதென்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன்.'"

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் தன் சட்டையிலிருந்த பேனாவை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். காலர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் மட்டும் கைதட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அழுகிறார் என்றுதான் காலர் அக்கா அப்போது நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசல் காவலாளியின் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடியில் பை. ஒன்பதாகியும் அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. பாக்கெட்டின் மிஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். பின்னாலிருந்த ஒவ்வொரு மிஷினையும் இரண்டடி முன்னால் நகர்த்தியிருந்தார்கள். இடைவெளியே தெரியவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். இருமவில்லை. "இனிமே அந்த இடத்துக்கு ஆள் கிடையாதாம்மா. மேல சொல்லிட்டாங்க."

"பாக்கெட்ட யாரு தைக்கிறது?" என்றாள் கை அக்கா.

"நீங்கதான் ஒரு வருஷமா தைச்சுக் காமிச்சிட்டீங்களே. அதையே இப்ப நாள் முழுக்கச் செய்யணுமாம். ஆளுக்கு முப்பத்திரண்டு." நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அந்தக் கடுதாசியை எடுத்து என் முன்னாடி வச்சாங்க."

பட்டன் பெரியம்மா கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு இது தெரியுமா?"

"தெரிய வேண்டாம்" என்றாள் காலர் அக்கா. "படிக்கப் போயிருக்கா. நிம்மதியா படிக்கட்டும். யாராவது வாயைத் தொறந்தீங்க, பாத்துக்கங்க."

டீ நேரத்தில் தன் டீயையும் ஒரு பன்னையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு இறங்கிப் போனாள். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்கதானே காலர் அக்கா? அவ உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா. பாபின் சுத்த எனக்கும் தெரியும்."

"முதல்ல சாப்பிடும்மா" என்றாள் காலர் அக்கா. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் சொன்னாள்.

மேலே வந்தபோது மெக்கானிக் தம்பி வரிசையின் முதல் மிஷினிலிருந்து வேலையைத் தொடங்கியிருந்தான். பாக்கெட் துண்டுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள ஆறு மேஜைக்கும் புதிதாக ஒரு மரத்தட்டு. பளபளவென்று வார்னிஷ் போட்டு, அளவெடுத்துச் செய்தவை. காலர் அக்காவின் மேஜைக்கு வந்ததும் அவன் மரியாதையாகக் குனிந்து கேட்டான்.

"உங்களுக்கு எந்தக் கைப்பக்கம்க்கா வசதி? வலதா, இடதா?"

அவள் இடது பக்கத்தைக் காட்டினாள். அவன் பென்சிலால் நாலு புள்ளி வைத்து, துளை போட ஆரம்பித்தான். மரத்தூள் சிதறியது. தைத்து அடுக்கியிருந்த வெள்ளைக் காலர்கள்மேல் அது விழாமலிருக்க, அவள் இரண்டு கைகளையும் விரித்து அவற்றை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.