தலையங்கத்தின் மேல் நாய்க்குட்டி

மருமகள் கொண்டுவந்த நாய்க்குட்டிக்குக் கூடம் முழுவதும் கழிப்பறைதான். நர்ஸ் வேலை பார்க்கும் அவளோ கறாரானவள். சமையலறை மூலையில் பழைய செய்தித்தாளை விரித்து, குட்டி சாப்பிட்டதும் தூக்கி அதன்மேல் விடுவாள். காரியம் முடிந்ததும் வீடே சேர்ந்து அதைக் கொஞ்ச வேண்டும். இது அவள் போட்ட சட்டம்.

ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார் மட்டும், "நான் பெத்த பிள்ளையையே கொஞ்சினதில்ல" என்று ஒதுங்கிக்கொண்டார்.

குட்டி படுசூட்டிகை. காகிதம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும் என்று சீக்கிரமே பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் மாமனார் வழக்கம்போல அன்றைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துத் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தார். குட்டி வந்தது. மோந்து பார்த்தது. தலையங்கத்தின் நடுவே உட்கார்ந்து போயே விட்டது.

"அடச் சனியனே!" என்று அவர் கையை ஓங்கினார்.

"ஐயோ மாமா, திட்டாதீங்க!" மருமகள் ஓடிவந்தாள். "அது சரியாத்தான் போயிருக்கு. உடனே பாராட்டுங்க, இல்லேன்னா குழம்பிப்போயிடும்."

மாமனார் கண்ணாடியில் தெறித்ததைத் துடைத்தார்.

"நல்ல... பிள்ளை" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. குட்டி அவர் முகத்தை ஆசையாக நக்கியது. மகன் சிரிப்பை அடக்க மாட்டாமல் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான்.

மறுநாள் முதல் அவர் செய்தித்தாளை மேஜைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். மூலையில் விரிக்க வேண்டிய பக்கத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார்.

"இந்தாடா, மந்திரி நேத்து பேசின பேச்சு. உன் கருத்தச் சொல்லு பாப்போம்."

குட்டி கருத்துச் சொன்னதும் அவர் கொஞ்சிய கொஞ்சலில் மருமகளே அசந்துபோனாள்.