இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பாதி

வாரப் பத்திரிகை ஒன்றில் முப்பது வருடமாகச் சினிமா விமர்சனம் எழுதுகிறவருக்கு அலுவலகத்தில் 'கத்திரி' என்று பெயர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்தை அவர் நார்நாராகக் கிழித்திருந்தார். முதல் பாகத்தில் கிரகங்கள் வெடித்தன. இரண்டாவதில் ஒரே விண்கலம்; அதற்குள் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன், தம்பி. 'பங்காளித் தகராறு பார்க்க ராக்கெட் ஏற வேண்டுமா? கலமோ தகர டப்பா. கதைக்கு முடிவே இல்லை' என்று எழுதினார். படம் ஒரே வாரத்தில் சுருண்டது.

அந்தத் தகர டப்பாவைச் செய்தவன் அவருடைய கூடப் பிறந்த தம்பி. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது பத்திரிகையின் ஆசிரியர் அம்மா கத்திரியைக் கூப்பிட்டார்.

"சார், அந்தப் படத்தை ஏதோ திரைப்பட விழாவுல ஒரு தடவை போட்டாங்களாம், எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. மறுமதிப்பீடு ஒண்ணு எழுதிடுங்க."

"மறுபடி பாக்கணுமேம்மா."

"பாத்துத்தான் எழுதணும்னு என்ன இருக்கு?"

உண்மையில் அன்றைக்கு அவர் இடைவேளையோடு எழுந்து, வேறொரு படக் கம்பெனியின் விருந்துக்குப் போய்விட்டார். பார்க்காததை மறுபடி எப்படிப் பார்ப்பது? தேடிப் பார்த்தார், படம் எங்கும் கிடைக்கவில்லை. தம்பியிடம் மட்டும் ஒரு பிரதி இருந்தது.

பட்டறையில் தம்பி, பல் மருத்துவமனை வாசலில் வைக்க ஆள் உயரக் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, டப்பா ஏதாவது வேணுமா?"

"அந்தப் படம் வேணும்டா."

"எடுத்துட்டுப் போக விடமாட்டேன். இங்கயே உக்காந்து பாரு."

பழைய கணினியில் படம் ஓடியது. இடைவேளை வந்ததும் கத்திரி தொண்டையைக் கனைத்தார்.

"அன்னைக்கு இதோட எழுந்து போயிட்டேன்டா."

தம்பி பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "அப்புறம் எப்படி முடிவே இல்லேன்னு எழுதினே?"

"எனக்கு இல்லாமத்தானே இருந்துச்சு."

தம்பி பிடித்துக்கொண்டான். வெல்டிங்கில் கை வெந்தது, அந்த விமர்சனத்துக்குப் பிறகு ஆறு மாதம் ஒருவரும் வேலை தராதது, அம்மா இரண்டு பேரையும் தனித்தனி நாளில் வரச் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினான். கத்திரி நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். விமர்சனம் வாங்கிப் பழக்கமில்லாதவர்.

பிறகு மிச்சப் படத்தைப் பார்த்தார்கள். ரேடியோ பழுதான கலத்துக்கு வெளியே, காற்றில்லாத வெளியில் மிதந்தபடி அண்ணன்காரன் மன்னிப்புக் கேட்கிறான். சத்தம் வரவில்லை. உள்ளே தம்பிக்காரன் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். புரிந்ததா இல்லையா என்று சொல்லாமலே கதவைத் திறக்கிறான்.

"நல்லா இருக்குடா."

"கலமா, கதையா?"

"கலம்தான். கதவு என்னமா திறக்குது!"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா உக்காராதே. பல்லுக்கு அந்தப் பக்கம் அடி" என்று ஒரு பிரஷ்ஷை நீட்டினான்.

'அன்று நான் பாதிப் படத்தோடு எழுந்து போனேன்' என்றுதான் கத்திரி கட்டுரையைத் தொடங்கினார். ஆசிரியர் அம்மா அதை அடித்துவிட்டு, 'இப்படத்தின் அருமையை நாம் அன்றே ஓரளவு உணர்ந்திருந்தோம்' என்று போட்டுவிட்டார். வாசகர் நம்பிக்கை முக்கியமாம்.

இதழ் வந்த அன்று காலையிலேயே தம்பி போன் செய்தான்.

"யாருண்ணா அன்னைக்கே உணர்ந்தது?"

"நான் எழுதினது வேறடா. கையில இருக்கு, படிக்கட்டுமா?"

"படி."

கத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.