சாலோமி சோடா கம்பெனி

சோடா மெஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சாலோமிக்குத் தோள் கடுத்தது. கேஸ் ஏறி, கோலிக்குண்டு பாட்டிலின் கழுத்தில் இறுகும் அதிர்வு உள்ளங்கையில் தட்டினால்தான் அடுத்த பாட்டிலை எடுப்பாள். பிறவியிலேயே காது கேளாதவள். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் இந்த சோடா கம்பெனிக்கு முதலாளி. சனிக்கிழமை சாயங்காலமானால் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று பல ஊரிலிருந்தும் காது கேளாதவர்கள் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார்கள். வாரம் முழுக்க வேலைத்தலத்தில் பேச ஆளில்லாமல் கிடந்தவர்கள். ஆளுக்கொரு பன்னீர் சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு, அது சவசவத்துப் போகும்வரை சைகையில் பேசித் தீர்ப்பார்கள்.

அன்று கட்டடத்துக்காரர் ஞானையா மாடியிலிருந்து இறங்கி வந்து படியில் நின்று ஏதோ பேசினார். ஆட்டோ ஓட்டும் குமரகுருபரனுக்குக் காது கேட்கும்; அவன் அண்ணன் இந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் சைகையும் தெரியும். அவர் சொன்னதை அவன் கையால் சொன்னான்.

"அக்கா, கடைய நடத்திக்கிடுங்க, கூட்டம் மட்டும் கூடாதுங்காரு. மாடியில குடிவந்தவங்க பயப்படுதாங்களாம்."

"நாங்க என்ன சத்தமா போடுதோம்?" என்று கேட்டன சாலோமியின் விரல்கள்.

"சத்தமில்லாமக் கைய ஆட்டுதீங்களாம். அதுதான் பயமா இருக்காம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாலோமி சிரிக்கவில்லை. இந்தக் கூட்டம் இல்லாமல் இந்தக் கடையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய?

"அவரு வாடகைக்கு விட்டது கடைய. என்கிட்ட யாரு பேசணும்னு அவரு சொல்லவேண்டாம்னு சொல்லு."

குமரகுருபரன் ஒரு சொல் குறைக்காமல் சொன்னான். ஞானையா விறுவிறுவென்று படிக்கடியில் போய்க் கடையின் மெயின் சுவிட்சை அணைத்தார்.

சந்து இருட்டிவிட்ட நேரம். கை தெரியாவிட்டால் இவர்களுக்குப் பேச்சு இல்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும். சிலர் செல்போன் விளக்கைப் போட்டார்கள். போனைப் பிடித்தவனுக்கோ பேச ஒரு கைதான் மிஞ்சியது. பாதிப் பேச்சில் தடுமாறினான். சாலோமி குமரகுருபரனின் தோளைத் தட்டி ஆட்டோவைக் காட்டினாள். அவன் அதைத் திருப்பி நிறுத்தி முன்விளக்கைப் போட்டான். பெஞ்சுகள் தெருவுக்கு வந்தன. மெஷினையும் நாலு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். அதைச் சுற்றக் கரண்ட் வேண்டாம்.

ஞானையா படியில் நின்று கத்தினார். குமரகுருபரன் சைகையில் சொல்லக் கையைத் தூக்கினான். சாலோமி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நீ சொல்லாத. அண்ணாச்சிய வெளிச்சத்துக்கு வந்து பேசச் சொல்லு. இருட்டுல நின்னு பேசினா எங்களுக்கு விளங்காது."

அவர் வரவில்லை. மேலே மாடி முழுக்க விளக்கு எரிந்தது. கீழே ஆட்டோ வெளிச்சத்தில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம் இருந்தது. மற்றவர்கள் தங்கள் முறை வந்ததும் பேச இருட்டில் வரிசையில் நின்றார்கள்.