ஓ நெகட்டிவ்

விஜயகலாவின் ரத்தம் ஓ நெகட்டிவ் என்பது கல்யாணத்துக்கு முன்பே தோட்டம் முழுக்கத் தெரியும். 1998இல் இலங்கையின் கொடகவெல பக்கத்திலுள்ள அந்தத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ரத்ததானம் நடந்தது. லேசில் கிடைக்காத ரத்தம் என்று சொல்லி அவளுக்கு ஒரு கார்டு கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை மலையிலிருந்து இறக்கி ஜீப்பில் கூட்டிப் போனார்கள். அவளும் மனசாரத்தான் கொடுத்தாள்.

மூத்தவன் தினேஷ் வயிற்றிலிருந்தபோது, தோட்டத்து டிஸ்பென்சரியில் நல்லையா டொக்டரிடம் அந்தக் கார்டைக் காட்டினாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிளினிக் புத்தகத்தில் ரத்த வகை எழுதுகிற கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

நெகட்டிவ் தாய்க்கு பொசிட்டிவ் பிள்ளை பிறந்தால் மூன்று நாளைக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளையின் ரத்தத்தைத் தாயின் உடம்பே அழிக்கக்கூடும். தினேஷ் பொசிட்டிவ். டிஸ்பென்சரியிலேயே பிரசவம். ஊசியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

2004இல் ஷாமிளா பிறந்தாள். அன்று சாயங்காலமே உடம்பு மஞ்சளாகிவிட்டது.

"வெயில்ல காட்டு, சரியாப் போயிரும்," என்றார் நல்லையா.

மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. புருஷன் இந்திரகுமார் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ரத்தத்தை மாற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் ஒரு வயதாகியும், பக்கத்தில் தகரம் விழுந்தாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் காதைக் கெடுத்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

மறுநாளே விஜயகலா பிள்ளையோடு டிஸ்பென்சரிக்குப் போனாள்.

"நான் கார்டு காட்டுனேனே ஐயா. ஏன் எழுதல?"

"அது ரத்தம் குடுக்கிற கார்டும்மா. கிளினிக்குக்கு அது செல்லாது."

"அப்ப நீங்க ரத்தத்தச் சோதிச்சிருக்கணும். ஜீப் வந்து கேட்டப்ப என் பேர், வீட்டு நம்பரெல்லாம் சொல்லி அனுப்புனது நீங்கதானே? அப்ப மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?"

நல்லையா மருந்துப் போத்தல்களை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எல்லாம் விதி," என்றார்.

"விதி மேல போடாதீங்க. நீங்க எழுதல."

இந்திரகுமார் சிங்களத்தில் கடிதம் எழுதி, சுகாதார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினான். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவனே வாசித்துச் சொன்னான்: "விவரம் பதியாதது தெரிய வந்திருக்காம். இனி கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ரத்தம் சோதிக்கச் சொல்லியிருக்காங்களாம். நல்லையாவ வேற தோட்டத்துக்கு மாத்துறாங்களாம்."

"பிள்ளையப் பத்தி?"

"ஒண்ணுமில்ல."

"அந்தத் தோட்டத்துல கர்ப்பிணிகளே இல்லையாமா?"

அவள் ஷாமிளாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு எழுதுங்க," என்றாள். "இந்தத் தடவை பிள்ளை பேரை முதல்ல போடுங்க."