எதுவும் செய்யாத எழுத்து

அக்காவுக்குத் தாகம் எடுத்தால் ஒரு கோடு, ஒரு டி, அப்புறம் என்டர். வலது ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு பொத்தான் ஒட்டியிருந்தது. கட்டிலுக்கு எதிரே இருந்த திரையில் ஆங்கில எழுத்துகள், குறிகளின் மேல் மஞ்சள் வெளிச்சம் ஒன்று வரிசையாக நகர்ந்து போகும். வேண்டிய எழுத்தின் மேல் அது வரும்போது விரலை அழுத்தினால் அந்த எழுத்து விழும். மூன்றும் விழுந்ததும் தலைமாட்டு ஸ்பீக்கரிலிருந்து அக்காவின் குரலே, "தண்ணி குடுடா" என்று அதட்டும். நோய் தொண்டையைப் பிடிப்பதற்கு முன் பதிந்து வைத்த குரல். படுத்திருப்பவளின் உதடு அசையாது, அறையில் மட்டும் அவள் சத்தம் போடுவாள். புதிதாக வருகிறவர்கள் திரும்பித் திரும்பி அவள் உதட்டையே பார்ப்பார்கள். தம்பிக்குப் பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் வேறு ஒரு கருவி கொடுத்தார்கள். டம்ளர் படம், கக்கூஸ் படம், சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி. அப்போது அக்காவுக்குப் பேச்சு குழறத்தான் ஆரம்பித்திருந்தது. "நான் என்ன எல்கேஜியாடா?" என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டாள். ஆயுசில் பாதியைக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சி மொழியில் நிரல் எழுதியே கழித்தவள். கல்யாணம் காட்சி எல்லாவற்றையும் அதன் முன்னாலேயே மறந்தவள். படுக்கையிலும் அதுதான் வேண்டும் என்றாள். இரண்டு கையும் வேலை செய்த கடைசி மாதங்களில் அவளே எழுதினாள். அந்த நிரலுக்கு 'வாய்' என்று பெயர் வைத்தாள்.

வாயின் சூட்சுமம் எளிது. செல்லுபடியாகும் எழுத்துகளையெல்லாம் ஒரே சரமாகக் கோத்து எழுதியிருக்கும். கோடு போட்டு வருகிற எழுத்தை நிரல் ஒவ்வொன்றாக எடுத்து அந்தச் சரத்தோடு ஒப்பிட்டு, அதற்கு உரிய வேலையைச் செய்யும். பி என்றால் "திருப்பிப் போடு." ஐ என்றால் "இல்ல." சரத்தில் ஒரு எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்திருந்தால் அது தனியாக வராது, கூடவே ஒரு மதிப்பைக் கேட்கும். வி அப்படி. வி ஏழு என்றால், "வலிக்குதுடா, ஏழு." சரத்திலேயே இல்லாத எழுத்தைக் கொடுத்தால், "அப்படி ஒண்ணு கிடையாது, முழிச்சுப் பாரு" என்று திட்டும். அதுவும் அவள் குரல்தான். தன்னைத் தானே திட்டிக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுப் படுத்த ஒரே மனுஷி அவளாகத்தான் இருப்பாள். பட்டியலில் இல்லாததைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு கோடு. இரண்டு கோட்டுக்கு அப்புறம் வருவது கட்டளை இல்லை, வெறும் சொல். அவள் ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டதை ஒரு இயந்திரக் குரல் கண்டபடி உச்சரித்துப் படிக்கும். நேரம் பிடிக்கும் என்பதால் கோபம் வந்தால் மட்டும் அந்த வழிக்குப் போவாள்.

விரல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, புது எழுத்து சேர்க்கும் வேலை தம்பியுடையதாயிற்று. அவனுக்கும் அதே பிழைப்புதான். அக்கா சொல்லுவாள், அவன் எழுதுவான். எழுதியது சரியில்லை என்றால் இரண்டு கோடு போட்டு மானத்தை வாங்குவாள்.

எக்ஸ் அப்படிச் சேர்த்ததுதான். அதற்கான வார்த்தைகளை அவள் பதிந்தது பேச்சு அநேகமாகப் போய்விட்ட சமயத்தில். மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, எச்சில் ஒழுக, அவள் சொல்லி முடித்தாள். "எனக்கு மெஷின் வேண்டாம். தொண்டையில ஓட்டை போடாதீங்க. போதும், விட்டுருங்க." அவன் அதை எக்ஸோடு இணைத்துக் கொடுத்தான். அவள் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து அவன் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்ன அண்ணி இது? என்ன பேச்சு இது?"

மஞ்சள் வெளிச்சம் ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் இயந்திரக் குரல் "டெஸ்ட்" என்றது. மனைவி கரண்டியைப் பிடித்தபடியே அழுதாள். அக்காவின் கண்ணில் மட்டும் ஒரு சிரிப்பு இருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அந்த எழுத்தை யாரும் தொடவில்லை. அக்காவைப் பார்த்துவந்த டாக்டரம்மா அவனைக் கைப்பேசியில் அழைத்தது மழை விட்டிருந்த ஒரு மத்தியானத்தில்.

"மூச்சு ரொம்ப இறங்கிடுச்சு. அடுத்த தடவை திணறல் வந்தா குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும். வச்சா எடுக்கறது கஷ்டம். அதனால வேணுமா வேண்டாமான்னு முன்னாடியே கேட்டு எழுதிக்கணும். நாளைக்கு நானே வீட்டுக்கு வரேன்."

"அவளால பேச முடியாதே டாக்டர்."

"அதான் அந்த கம்ப்யூட்டர் இருக்கே. அதுல சொல்லட்டும். கண்ணைச் சிமிட்டினாங்கன்னு மட்டும் நான் எழுத முடியாது, அவங்களுக்கு இமை தானாவே துடிக்குது."

"ஒண்ணும் சொல்லலைன்னா?"

"வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் போட்டுத்தான் ஆகணும். அதுதான் விதி."

அவனுக்கு அது புதிதில்லை. எந்த எழுத்தும் கொடுக்காமல் ஒரு நிரலை ஓட்டினால், எழுதியவன் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பதுதான் நடக்கும். தொழிலில் அன்றாடம் செய்கிற காரியம்.

பால்கனியில் ஈரத்துணிகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியில் வாயின் நிரலைத் திறந்தான். எக்ஸைச் சரத்திலிருந்தே எடுத்துவிட்டால் 'அப்படி ஒண்ணு கிடையாது' என்று கத்தும், அக்கா கையும் களவுமாகப் பிடித்துவிடுவாள். ஒலிக்கோப்பை அழித்தால் கோப்பைக் காணோம் என்று புலம்பும். அவன் இரண்டையும் தொடவில்லை. எக்ஸ் சரத்தில் இருந்தது. அதற்கான இடமும் நிரலில் இருந்தது. ஒலியை இயக்கும் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்தான். இனி வாய் அந்த எழுத்தை மரியாதையாக வாங்கிக்கொள்ளும், குறை எதுவும் சொல்லாது, ஒன்றும் செய்யாது.

"ஆபீஸ் வேலையாங்க?" மனைவி காய்ந்திருந்த ஒன்றிரண்டு துணியை உருவிக்கொண்டே கேட்டாள்.

"ஆமா."

ஒத்திப் போடுகிறோம், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இயந்திரத்தோடு வருஷக்கணக்கில் இருக்கிறவர்கள் இல்லையா? அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த உலகத்தில் அவனை 'டா' போட்டுக் கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம். ஸ்பீக்கரிலிருந்து வந்தால் என்ன, டா டாதான். அதை இழக்க அவனுக்குத் தெம்பு இல்லை. அவளுக்கு எது நல்லது என்பதை அன்று அவன் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அந்த வரியை எடுத்திருக்க முடியாது.

மறுநாள் டாக்டரம்மா வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். களைத்த முகம். மனைவி கொண்டு வந்து வைத்த காபியைத் தொடாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சைப் பற்றி, குழாயைப் பற்றி, அதன் பிறகு வரும் நாட்களைப் பற்றி.

"உங்களுக்கு என்ன விருப்பமோ அதைத்தான் எழுதுவேன். நிதானமா சொல்லுங்க."

வெளிச்சம் நகர்ந்தது. கோடு விழுந்தது. எக்ஸ் விழுந்தது. என்டர்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணும் கேக்கலையே?" டாக்டரம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் ஸ்பீக்கரின் வயரைத் தொட்டுப் பார்ப்பது போல் குனிந்தான்.

அக்கா மறுபடியும் போட்டாள். கோடு, எக்ஸ், என்டர். திட்டும் இல்லை, புலம்பலும் இல்லை. அடுத்து டி போட்டாள். "தண்ணி குடுடா" என்று கணீரென்று வந்தது. ஸ்பீக்கர் ஒழுங்காகத்தான் இருந்தது.

அப்போது அவள் கண் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பியது. ஓர் எழுத்தை வாங்கிக்கொண்டு நிரல் வாயடைத்து நிற்கிறது என்றால், யாரோ அப்படி எழுதியிருக்க வேண்டும். இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் டம்ளரை எடுத்து, அவள் உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றினான். பார்வை அவனை விட்டு நகரவில்லை.

பிறகு அவள் திரைக்குத் திரும்பினாள். கோடு விழுந்தது. ஐயைத்தான் போடப் போகிறாள் என்று அவன் நினைத்தான். குழாய்க்கு "இல்ல" என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். அவன் செய்த காரியமும் யாருக்கும் தெரியாமலே போய்விடும். பயந்தானா, விரும்பினானா என்று அவனுக்கே தெரியவில்லை. வெளிச்சம் ஐ மேல் வந்தது. விரல் அசையவில்லை. வெளிச்சம் கடந்து போயிற்று.

இரண்டாவது கோடு விழுந்தது.

அப்புறம் எழுத்துகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெளிச்சம் முழுச் சுற்று வர வேண்டியிருந்தது. நடுவில் விரல் சோர்ந்து ஒரு எழுத்தைத் தவறவிட்டாள். இன்னொரு சுற்று ஆயிற்று. காபியில் ஆடை படிந்தது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். திரை அவள் பக்கம் இல்லை. தம்பிக்கு மட்டும் தெரிந்தது, பாதியிலேயே அவன் படித்துவிட்டான். என்டர் விழுந்ததும் இயந்திரக் குரல் கட்டையாகச் சொன்னது.

"தாம்பி. நீ. சொல்லு."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "உங்களைச் சொல்லச் சொல்றாங்க. அவங்க சார்பா நீங்க சொன்னா நான் எழுதிக்கிறேன். சொல்லுங்க. குழாய் போடலாமா, வேண்டாமா?"

பேனா மூடியைத் திறந்துகொண்டாள். அவன் போடுங்கள் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அக்கா சொன்னதாகத்தான் எழுதப்படும்; ஒன்றும் சொல்லாவிட்டால் விதிப்படி குழாய்தான். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

திரை துடைத்துவிட்டது போல் காலியாகிவிட்டது. மஞ்சள் வெளிச்சம் முதல் எழுத்திலிருந்து கிளம்பியது. அக்காவின் விரல் பொத்தானை விட்டுச் சற்று விலகி, விரிப்பின் மேல் கிடந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுவிட்டு, யாரும் நிறுத்தாததால், வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது.