மைனாவுக்காகப் பாடியது

1

இந்தக் கதை எனக்கு ஒரு தொழிலிலிருந்து கிடைத்தது. மைசூரில் கார்ட்டூன் தயாரிக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வாய் மட்டும் வரைவதற்கென்று ஓர் ஆள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உடம்பை ஒருவர் வரைவார், பின்னால் தெரியும் மரம் மட்டையை இன்னொருவர் வரைவார், இவர் வாய். யானை பேசினாலும் எலி பேசினாலும் உதடு இவர் போட்டது. "நாட்டில் வாயை வைத்துப் பிழைப்பவர்கள் பலர், வரைந்து பிழைப்பவர் இவர் ஒருவர்தான்" என்று உடனே ஒரு வரி தோன்றியது. அந்த வரியை எங்காவது செருகத்தான் கதை எழுத உட்கார்ந்தேன். செருகியாயிற்று. இத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அந்த வருடம் மைசூர்ப் பள்ளிக்கூடங்களில் யாரும் பேசவில்லை, எல்லோரும் பாடினார்கள்." கொஞ்சம் மிகை. ஆனால் ஏதோ வெளிநாட்டுத் தொடரில் பிள்ளைகள் லாக்கர் முன்னால் நின்று பாடி ஆடுவதைப் பார்த்துவிட்டு, லாக்கரே இல்லாத நம் பிள்ளைகள் தண்ணீர்க் குழாய் முன்னால் நின்று பாடியது உண்மை. வருகைப் பதிவில் "ப்ரெசென்ட் மிஸ்" என்பதை ஆலாபனை செய்தார்கள். நாடகம் என்றால் ஆண்டு விழாவுக்குப் பெற்றோர் பாதிப் பேர்தான் வருவார்கள், ம்யூசிகல் என்றால் சொந்தபந்தத்தோடு வருவார்கள் என்று நிர்வாகங்களும் கண்டுகொண்டன.

இரண்டாவது தொடக்கம்: "சந்துரு தன் மகள் மூச்சு விடுவதை முதன்முதலாகக் கவனித்தது ஒரு எருமைக்கன்றின்"

இதை அப்படியே விட்டிருக்கிறேன். இந்த இடத்தில்தான் நகைச்சுவைக் கதை கெட்டுப்போனது.

2

சந்துருதான் அந்த வாய்க்காரன். ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம், கல்யாணமான புதிதில் மைசூருக்கு வந்தவன். மனைவி வினிதா ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். ஒரே மகள் தமிழ்ப்ரியா, ஒன்பதாவது படிக்கிறாள். பெயரில் தமிழ் முன்னால் நிற்கும், வாயில் கன்னடம் முந்திக்கொள்ளும்.

அவன் வேலை செய்யும் தொடருக்கு 'வாலுள்ள வகுப்பு' என்று பெயர். காட்டு விலங்குகள் படிக்கும் பள்ளிக்கூடம். அதன் ஒரு அத்தியாயத்தில் இந்தப் பாட்டுப் பைத்தியத்தைக் கிண்டல் செய்ய முடிவெடுத்தார்கள். காண்டாமிருகத் தலைமையாசிரியர் "கலை என்பது ஒழுக்கம்" என்று முழங்கி ம்யூசிகல் அறிவிப்பார். அன்றிலிருந்து யாரும் வெறுமனே பேசக் கூடாது. குரங்கு கழிவறைக்குப் போக அனுமதி கேட்டுப் பாடும், மூன்றாவது சரணம் முடிவதற்குள் அனுமதி தேவைப்படாமல் போய்விடும். (நல்ல நகைச்சுவை. கதைக்குள் இருக்கும் ஸ்டுடியோவைக் கட்டியதும் நான்தான் என்பதால் பெருமை எனக்கே.)

கதாநாயகி ஒரு மைனா. அவள்தான் அழகாகப் பாடுவாள். தன்னைத்தான் கதாநாயகி என்று நினைத்துக்கொண்டு குறுக்கே வந்து பாடுவது ஓர் எருமைக்கன்று.

3

ஒரு சின்ன விளக்கம். இத்தகைய படங்களில் முதலில் குரல், பிறகுதான் வாய். பாட்டுக்குப் பெரிய பாடகி வருவதற்கு முன்னால் அளவு பார்க்க வேறு யாரையாவது பாடவைத்துப் பதிந்துகொள்வார்கள். தையற்காரர் துணியில் கை வைப்பதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது மாதிரி. வேலை முடிந்ததும் காகிதம் குப்பைக்குப் போகும்.

மைனாவின் பாட்டுக்குச் சந்துரு மகளைப் பாடச் சொன்னான். வீட்டிலேயே, ஜன்னலில் போர்வை மாட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு.

"அப்பா, இது யாருக்கு?"

"மைனாவுக்கு."

"மைனா ஹீரோயின் அல்வா?"

"ஆமாஞ் சாமி. ஆனா இது சும்மா அளவுக்குத்தான், அப்பறம் வேற..."

"அதெல்லாம் பேடா. ஹீரோயின்தானே? சாக்கு."

கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா', 'பேடா' என்றால் 'வேண்டாம்', இரண்டும் தின்பண்டமில்லை; 'சாக்கு' என்றால் 'போதும்'. அவளுக்குப் போதும். பள்ளி ம்யூசிகலில் அவள் கடைசி வரிசையில் மரமாக நிற்கிறாள், இரண்டு கையிலும் கிளை. பாட்டு மிஸ் அவளிடம் மட்டும் தனியாக, "நீ வாயசைச்சா போதும் புட்டி" என்று, 'குட்டி' என்பதைக் கன்னடத்தில் கொஞ்சி, சொல்லியிருக்கிறார். பாட்டைப் பதிந்த மறுநாளே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது: டிவியில் மைனாவுக்கு ப்ரியாவின் குரல்.

4

ஸ்டுடியோவின் இயக்குநர் மதன். அவருடைய அட்டையில் 'தலைமைக் கதைசொல்லி' என்று அச்சிட்டிருக்கும். துணைக் கதைசொல்லி யாரும் கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி அந்தப் பதிவைக் கேட்டார். "வானமெல்லாம் என் சிறகு" என்று ஒரு வரி. தமிழ்ப்ரியா அதை உச்சத்தில் எடுத்து, 'வா'வுக்கும் 'ன'வுக்கும் நடுவில் மூச்சு தீர்ந்து, ஒரு மடக்கு காற்றை விழுங்கிவிட்டுத் தொடர்ந்திருந்தாள்.

மதன் சிரித்த சிரிப்பில் ஹெட்போன் கழன்று விழுந்தது. அவருக்கு எல்லோரும் 'குரு'தான், சந்துருவும்.

"குரு, இது மைனா இல்ல. இதுதான் நம்ம எருமைக்கன்னு. பெரிய பாடகி யாரு வந்தாலும் இந்த மூச்சு வராது. இதையே வெச்சுக்கலாம். யார் குரல்?"

"தெரிஞ்ச பொண்ணு சார்."

அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டார். அறையே சிரித்தது. இங்கேதான் எனக்குச் சந்துரு மேல் சந்தேகம் வருகிறது. அவன் சிரித்தானா?

(அ) சிரிக்கவில்லை. முகம் இறுகிப்போய் எழுந்து வெளியே போனான். இப்படி எழுதினால் உங்களுக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் இப்படி எழுந்து போகிறவர்கள் மாதச் சம்பளத்தில் நீடிப்பதில்லை.

(ஆ) மற்றவர்களுக்காகச் சிரித்தான். இது பாதுகாப்பான வரி. விமர்சகர்களுக்கும் பிடிக்கும்.

(இ) உண்மையாகவே சிரிப்பு வந்து சிரித்தான்.

நான் மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதற்கப்புறம் அவன் வரைந்ததைப் பார்த்தால் மற்ற இரண்டும் நிற்காது. அந்த ஒரு மூச்சுக்கு அவன் நாள் முழுக்க உட்கார்ந்தான். திரும்பத் திரும்பக் கேட்டான். மேலுதடு துடிப்பது, மூக்கு விரிவது, நடுவில் தான் நின்றுவிட்டதை யாரும் கவனித்தார்களா என்று கண் ஓரமாகப் பார்ப்பது, உடனே கூடுதல் தைரியத்தோடு அடுத்த எழுத்தைப் பிடிப்பது. அவள் பாடும்போது அவன் அவளை நிமிர்ந்து பார்த்ததே இல்லை, கண் பதிவுக் கருவி மேல் இருந்தது. ஆனாலும் எல்லாம் சரியாக வந்தது. சக ஊழியர்கள் அவன் நாற்காலியைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். இத்தனை வருடத்தில் அவன் போட்ட வாய்க்குக் கைதட்டல் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை அவன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். இந்த வரியை வெட்டிவிட நினைத்தேன். வெட்டினால் அவனை மன்னிப்பது உங்களுக்குச் சுலபமாகிவிடும்.

5

பள்ளிக்குச் செய்தி எட்டாமல் இருக்குமா? தலைமையாசிரியை கௌரம்மா மேடம் ஸ்டுடியோவுக்கே போன் செய்துவிட்டார். ம்யூசிகல் அன்று, திரை விலகுவதற்கு முன்னால், அரங்கத்தில் எல்லோருக்கும் அந்த அத்தியாயத்தைப் போட்டுக்காட்ட ஏற்பாடு. 'நம் மாணவி நாயகியின் குரலாக.' மதன் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். எந்த மாணவி என்று அவர் கேட்கவில்லை, மைனாவுக்கு யார் பாடினார்கள் என்று மேடமும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் விவரங்களுக்குள் போவதில்லை.

மகளின் குரல் எருமைக்கன்றுக்குப் போன விஷயம் அந்தப் போன் வந்த அன்றுதான் வினிதாவுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, அவகிட்டச் சொல்லிப்போடுங்க. நாலு பேரு முன்னால தெரிஞ்சா புள்ள என்னத்துக்கு ஆவும்?"

"என்னன்னு சொல்றது?"

"எருமைன்னு சொல்லுங்க. வரையத் தெரிஞ்சுதில்ல?"

அவன் பென்சில் சீவ ஆரம்பித்தான்.

"ஊரு வாயெல்லாம் வரஞ்சு வரஞ்சு உங்க வாயி எங்கீங்க போச்சு?" என்றாள் வினிதா.

6

அவன் முயற்சி செய்யாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் தோசை தின்றுகொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

"கண்ணு, அந்தப் பாட்டு பாடினியே..."

"அப்பா, நானே கேக்கணும்னு இருந்தேன். அதுல நடுவுல மூச்சு விட்டுட்டேன், கொத்தா, தெரியுமா? வா... னம்னு. கேவலமா இருக்கும். இப்ப சரி பண்ணிட்டேன். கேளு."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று பாடினாள். மூச்சு எங்கும் உடையவில்லை. தண்ணீர்க் குழாய் முன்னால் பல நாள் பழகியிருக்கிறாள். குரல் சாதாரணக் குரல்தான். (இங்கே அவளை மேதையாக்கிவிட எனக்கு ஆசை. அவள் மேதை இல்லை. மூச்சைச் சரிசெய்துகொண்ட ஒரு பெண், அவ்வளவுதான்.)

"இதை எடுத்துக்கிறியா? பழசை மாத்திடலாம் அல்வா?"

சந்துரு போனை எடுத்துப் பதிவு செய்தான். இன்னொரு தடவை பாடச் சொல்லி அதையும் பதிந்துகொண்டான். ஜன்னலில் போர்வைகூட மாட்டவில்லை. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வினிதா உள்ளே போய்விட்டாள்.

7

மறுநாள் அந்தப் பதிவை மதனிடம் கொண்டுபோனான்.

"சார், கன்னுக்கு இந்தக் குரலைப் போட்டுப் பாக்கலாமா? அதே பொண்ணுதான்."

மதன் பாதி கேட்டார். "நல்லாருக்கு குரு. அதான் பிரச்சினை. இதுல சிரிப்பு எங்க?" பிறகு திரையைக் காட்டினார். "நீ போட்ட வாயே இதுக்கு ஒத்துவராதே. அந்த மூச்சை எடுத்தா உன் வேலையே போச்சு. உன் மாஸ்டர்பீஸை நீயே கெடுப்பியா?"

அது என் மகள் சார் என்று ஒரு வரி அங்கே சொல்ல வேண்டியது. நான் அதை எழுதிக்கூடக் கொடுத்தேன். அவன் சொல்லவில்லை. சொன்னால் அவர் மாற்றிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். அந்த மூச்சும் போய்விடும் என்றும் தெரியும்.



8

முடிவுகள்.

ஒன்று: எல்லோரும் சிரிக்கிறார்கள். தமிழ்ப்ரியாவும் சிரிக்கிறாள். எழுந்து நின்று வணங்குகிறாள், அரங்கம் கைதட்டுகிறது. பெரியவர்கள் நடுவராக இருக்கும் கதைப் போட்டிகளில் இந்தப் பெண்ணை அடிக்கடி பார்க்கலாம். வெளியே நான் பார்த்ததில்லை.

இரண்டு: மின்சாரம் போய்விடுகிறது. தமிழ் எழுத்தாளர்களின் மானத்தைப் பலமுறை காப்பாற்றியது இது. இப்போது பள்ளிக்கூடங்களில் ஜெனரேட்டர் இருக்கிறது.

மூன்று: காலையில் ஸ்கூட்டரில் போகும்போது, சிக்னலில், "மைனா நீ இல்ல சாமி" என்றான் சந்துரு. பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் இடுப்பைப் பிடித்திருந்த கையை

முடியவில்லை. கையை என்ன செய்தாள் என்று தெரிந்தால் எழுதிவிடுவேன்.

9

ஆகவே அரங்கம் வரை கொண்டுவந்து விடுகிறேன்.

கௌரம்மா மேடம் பேசினார். "கலை என்பது ஒழுக்கம்" என்றார். (காண்டாமிருகத்துக்கு முன்பே கொடுத்துவிட்ட வசனம். வேறு கொடுத்துப் பார்த்தேன், அவர் வாயில் இதுதான் உட்கார்ந்தது.) பிறகு சந்துருவை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தி, தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகையும் வைத்து, முன்வரிசை சோபாவில் உட்காரவைத்தார்கள். பேட்டா கொஞ்சம் பெரிது. திரும்பினால் நழுவும். அவன் திரும்பவில்லை.

தமிழ்ப்ரியா நடுவில் ஒரு வரிசையில் இருக்கிறாள், மர வேஷத்தில், கிளைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு. முன்னும் பின்னும் அவள் வகுப்பு. பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. அப்பாவுக்கென்று அவள் பிடித்து வைத்திருந்தது, இனி அவன் வரமாட்டான். வினிதா வாசலருகே நிற்கிறாள், உள்ளே வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் வினிதாவைத் தாண்டி வெளியே போகிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கன்று வாயைத் திறந்ததும் உங்களுக்குச் சிரிப்பு வரும். இவ்வளவு தெரிந்த பிறகும் வரும். அவன் அவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறான்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மைனா வந்து உட்காருவதற்கு ஒரு கிளை திரையில் தெரிகிறது. தமிழ்ப்ரியா உங்கள் பக்கம் சாய்ந்து, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இப்ப வரும்" என்கிறாள்.