தேர்வுக்கு முந்தின நாள் வந்த ஜாமீன்

ஜாமீன் கிடைத்த சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் எத்தனையோ பேர். ஏன் கிடைத்தது என்று என்னிடமே கோபித்துக்கொண்டவர் எங்கள் வயர்மேன் ஒருவர்தான்.

லைசென்ஸ் இல்லாமல் கம்பத்தில் ஏறி, தெருவுக்கே கரண்ட் இழுத்துக் கொடுத்த வழக்கு. விசாரணையோ ஆமை வேகம். அதற்குள் புதுச் சட்டம் ஒன்று வந்து, விசாரணைக் கைதிகளும் பகலில் வெளியே போய்ப் படிக்கலாம் என்றது. சிறைக் காவலரான நான்தான் தினமும் அவரை பஸ்ஸில் தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போய், வகுப்பு வாசலில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் கூட்டிவருவேன். அவர் படித்ததில் பாதி எனக்கும் ஏறிவிட்டது.

மறுநாள் கடைசித் தேர்வு. பாஸ் செய்தால் லைசென்ஸ். அன்றைக்கென்று பார்த்து ஜாமீன் வந்து தொலைத்தது. சின்ன வழக்குகளில் ரொம்ப நாள் உள்ளே கிடப்பவர்களை விட்டுவிட வேண்டும் என்று இன்னொரு புதுச் சட்டமாம். ஆனால் பயிற்சி நிலையத்தில் கைதி என்று சேர்ந்தவர் காவலர் துணையோடுதான் தேர்வு எழுத முடியும். விடுதலையானவருக்குக் காவலர் ஏது?

"ஒரே ஒரு நாள் உள்ள வெச்சுக்குங்க சார்," என்று ஜெயிலரிடம் கெஞ்சினார் வயர்மேன்.

"வெச்சிருந்தா நான் உள்ள போகணும்யா," என்றார் ஜெயிலர்.

அழைத்துப்போக வந்திருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, வீட்டுக்கு வர்றது அவ்வளவு கசக்குதா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் அடங்கினார். ஜெயிலர் பயிற்சி நிலையத்துக்கு போன் போட்டுப் பேசினார்.

"காவலர் இல்லன்னா, பொறுப்பான ஆள் ஒருத்தர் கூட்டிட்டு வந்து, வாசல்ல உக்காந்து, திரும்பக் கூட்டிட்டுப் போகணுமாம்."

"நான் போறேன்," என்றார் மனைவி.

"நடுவுல நழுவிட்டார்னா?"

"எங்கிட்ட இருந்தா?"

வயர்மேன் தரையைப் பார்த்தார். ஜெயிலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் சிறை வாசல் டியூட்டியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் வழக்கமான பஸ்ஸிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள்.

"பேச்சு சுவாரசியத்துல இங்கயே கூட்டிட்டு வந்துட்டாரு, பாருங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மனைவி.

"பாஸ் சார்! அங்கேயே சொல்லிட்டாங்க!" என்று ஓடிவந்த வயர்மேன், என் முன்னால் நின்று சோதனைக்கு இரண்டு கைகளையும் தூக்கினார். நானும் சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்துவிட்டேன்.

மனைவி கிட்டே வந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

"போதுங்க. வீட்டுக்குப் போலாம்."